யானையைக் கட்டித் தீனி போடுவதா?

2025ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து இரண்டாவது வாரம். கடையில் கூட்டம் குறைந்திருந்த ஒரு மாலை நேரம், என் தங்கச்சியின் மகன் வந்து கல்லாப் பெட்டிக்கு முன்னால் இரண்டு தாள்களை விரித்து வைத்தான். ஒன்றில் ரோயல் என்ஃபீல்ட் கிளசிக் 350. மற்றதில் பஜாஜ் டொமினார் 400. இரண்டும் நெடும் பயணத்துக்கென்று பேர்போன பெரிய மோட்டார் சைக்கிள்கள்.

"மாமா, இதில ஒன்ட எடுக்கப் போறன். எது நல்லம் என்டு சொல்லுங்க."

எது நல்லம் என்று கேட்பவன் பாதி முடிவை எடுத்துவிட்டுத்தான் வருகிறான். எடுப்பதா வேண்டாமா என்பது அவனுடைய கேள்வியில் இல்லை. நான் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "காசு எங்கிருந்து வருது?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "தீபாவளிச் சரக்குக்கு ஒதுக்கின காசிலதான், மாமா. ஒக்டோபருக்கு முன்னால திருப்பி வச்சிடுவன்" என்றான்.

ஊவாவில் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளையில் எங்களுடையது புடைவைக் கடை. கடையில் நடக்கும் வியாபாரம் ஒரு பங்கு என்றால், பசறை, மடூல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கொப்பியில் எழுதிக் கொடுக்கும் வியாபாரம் இன்னொரு பங்கு. சேலை, சாரம், கம்பளி, பாடசாலைச் சீருடைத் துணி எல்லாம் லயத்து வாசலுக்கே போகும். 10ஆம் திகதி தோட்டத்தில் சம்பளம். அன்றும் அடுத்த இரண்டு நாளும் போய்த் தவணைக் காசைச் சேர்க்க வேண்டும். தீபாவளிக்கு முற்பணம் கொடுக்கும் காலம்தான் எங்களுக்கு அறுவடை. அந்தச் சரக்குக் காசில் கை வைப்பது என்றால் வருடத்தின் வியாபாரத்தில் கை வைப்பது.

ஆனாலும் அவனை ஏசி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய மோட்டார் சைக்கிள்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். இருபது வயதில் ஆசைப்பட்டவன் இருபத்தைந்தைத் தாண்டியும் ஆசையோடேயே இருந்தான். அவன் ஒருவன் மட்டுமல்ல. பதுளை, பண்டாரவளை, வெலிமடை எங்கும் கடைகளில் நிற்கும் பொடியன்மாருக்கு அந்த நாட்களில் இதுதான் பேச்சு. ஆகவே, "சரி, இரண்டையும் கணக்குப் பார்ப்போம். வியாபாரிகள் பார்க்கிற மாதிரிப் பார்ப்போம்" என்றேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டு கம்பனிகளின் கதை. பொருளை வாங்குமுன் விற்பவனைத் தெரிந்துகொள்வது எங்கள் பழக்கம்.

ரோயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தில் பிறந்தது. 1955இல் சென்னையில் கூட்டுக் கம்பனி தொடங்கி, இந்திய இராணுவத்துக்கும் பொலிசுக்கும் புல்லட் வண்டி செய்து கொடுத்தார்கள். தாய்க் கம்பனி 1970இல் இங்கிலாந்தில் மூடப்பட்டது. பிள்ளை சென்னையில் பிழைத்துக்கொண்டது. பிழைத்தது என்றாலும் நல்ல பிழைப்பல்ல. 1994இல் ஐஷர் கம்பனியின் கைக்கு வந்த பிறகும் நட்டம்தான். 2000ஆம் ஆண்டில் மூடிவிடலாம் என்று பேச்சு வந்தபோது, முதலாளியின் மகன் சித்தார்த்த லால், 26 வயதுப் பொடியன், எனக்குக் கொஞ்சம் அவகாசம் தாருங்கள் என்று கேட்டுப் பொறுப்பெடுத்தார். அன்று ஐஷரிடம் 15 வகைத் தொழில்கள் இருந்தன. அவர் 13ஐக் கைவிட்டு லொறியையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் வைத்துக்கொண்டார். ஒரே கடையில் வாளியும் விற்று வளையலும் விற்கிற நம்மவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

பஜாஜைப் பற்றி இலங்கையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முச்சக்கர வண்டிக்கே அந்தப் பெயர் ஒட்டிப்போன நாடு இது. ஸ்கூட்டரில் வளர்ந்த கம்பனி, 2001இல் பல்சரைக் கொண்டுவந்து மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. 2007இல் ஒஸ்திரியாவின் கேடிஎம் கம்பனியில் பங்கு வாங்கி, ஓட்டப் பந்தய வண்டிகளின் தொழில்நுட்பத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்த உறவின் பலன்தான் டொமினார். 2016 டிசம்பரில் இந்தியாவில் வெளிவந்தது. கேடிஎம் 390இன் எஞ்சினைத் தழுவிய 373 சீசீ எஞ்சின், தண்ணீரால் குளிரும் முறை, ஆறு கியர். விலையோ என்ஃபீல்டின் வாடிக்கையாளரைக் குறிவைத்தது.

2017இல் பஜாஜ் ஒரு விளம்பரம் போட்டது. ஹெல்மட் போட்ட ஆட்கள் யானைகளின் மேல் ஏறி, ஆடி அசைந்து போகிறார்கள். டொமினார்காரர் பக்கத்தால் வெட்டிக்கொண்டு போய்விடுகிறார். யானை வளர்க்காதீர்கள் என்பதே விளம்பரத்தின் செய்தி. என்ஃபீல்ட் என்ற பெயரை எங்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்று எங்கள் பெரியவர்கள் கேட்டதை அவர்கள் ஹிந்தியில் கேட்டார்கள்.

நடந்தது என்ன? மாதம் 10,000 டொமினார் விற்பதாக வைத்த இலக்கின் கிட்டவும் பஜாஜால் போக முடியவில்லை. என்ஃபீல்டோ 2017–18 நிதியாண்டில் 8 இலட்சத்துக்கும் மேல் விற்றது. யானையைக் கேலி செய்தவுடன், யானை வைத்திருப்பவன் அதை இன்னும் கட்டிப்பிடித்துக் கொண்டான். போட்டிக் கடையின் பொருளைப் பழித்து நம் பொருளை விற்க முடியாது என்பதைப் பஜாஜ் போன்ற பெரிய கம்பனியும் காசு செலவழித்துத்தான் கற்றது. பொருள் மோசம் என்று நான் சொல்லவில்லை. கடதாசியில் பார்த்தால் டொமினார்தான் கெட்டிக்காரன்.

கடதாசியைப் பார்ப்போமே. இப்போதைய கிளசிக் 350, 2021இல் வந்த எஞ்சின்: 349 சீசீ, சுமார் 20 குதிரை வலு, ஐந்து கியர், 195 கிலோ நிறை. டொமினார் 2019க்குப் பிந்தியது: சுமார் 40 குதிரை வலு, 187 கிலோ. இரண்டுக்கும் தாங்கியில் 13 லீற்றர். விலைக்கு வலு என்று பார்த்தால் கேள்விக்கே இடமில்லை. ஒன்றின் காசுக்கு இரண்டு கிடைக்கிறது. மருமகனும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆனால் தாளில் இன்னுமொரு வரி இருக்கிறது. இளைஞர்கள் அதை வாசிப்பதில்லை. எஞ்சின் எந்தச் சுற்றில் தன் முழு இழுவையைத் தருகிறது என்பது. என்ஃபீல்ட் 27 நியூட்டன் மீற்றரை நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. டொமினாரின் இழுவை 35. ஆனால் அது முழுதாகக் கிடைக்க 6,500 சுற்று வேண்டும். அதாவது ஒன்று மெதுவாகப் போகும்போதே தோள் கொடுக்கிறது. மற்றது ஓடினால்தான் தன் பலத்தைக் காட்டுகிறது. தோட்ட வீதியில் யார் ஓடுகிறார்?

பதுளை ரவுண் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. பின்னால் நிற்கும் நமுனுகலை மலை 2,036 மீற்றர். வியாபாரம் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தில்தான். பெருந்தெருவை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பினால் வெள்ளைக்காரன் காலத்துக் கல் பாவிய பாதை, மழைக்குச் சிவப்புச் சேறு, கொண்டை ஊசி வளைவு. இரண்டாம் கியருக்கு மேல் போட வாய்ப்பில்லை. எங்கள் வாப்பா காலத்தில் அந்தப் பாதைகளில் சின்னத்துரைமாரின் மோட்டார் சைக்கிள் சத்தம்தான் கேட்கும். வாப்பா துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்குப் பாதையால் நடந்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் சக்கரத்தில் ஏறியது நான். அது ஒரு பழைய ஹொண்டா சீடீ 125. அதற்கு மேலான வண்டி வேண்டும் என்று எனக்கும் ஒரு காலத்தில் பைத்தியம் பிடித்தது. அந்தக் கதை பிறகு.

பேசிப் பயனில்லை, ஓடிப் பார்ப்போம் என்று இரண்டு வண்டிகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினோம். என்ஃபீல்ட் பதுளையில் ஒரு நண்பருடையது. டொமினார் பண்டாரவளையில் மருமகனின் கூட்டாளியுடையது. காட்சிக்கூடத்தின் முன்னால் வெறும் வண்டியை ஒரு வட்டம் அடித்துப் பார்ப்பது ஓடிப் பார்த்ததாகாது. அதனால் ஒவ்வொன்றிலும் பின்னுக்கு முப்பது கிலோ துணியைக் கட்டினோம். முதலில் ஹாலி-எலப் பக்கமாக நல்ல வீதி. அங்கே டொமினார் பறந்தது. லொறிகளை ஒரு மூச்சில் கடந்தது, பிரேக் பிடித்தால் பிடித்த இடத்தில் நின்றது. என்ஃபீல்ட் அதே லொறியின் பின்னால் புகை குடித்துக்கொண்டு வந்தது. மருமகனின் முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

பிறகு ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஏறினோம். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வேகம் இருபதுக்குக் கீழே இறங்கியதும் டொமினாருக்குக் கியரைக் குறைத்து, கிளச்சைப் பாதி பிடித்து, எஞ்சினை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. என்ஃபீல்ட் இரண்டாம் கியரில் தன்பாட்டில் டுப்பு டுப்பு என்று ஏறியது. ஒன்றரை மணித்தியாலத்தில் அவனுடைய இடது கை வலித்தது. என்னுடைய கை வலிக்கவில்லை. எனக்கு அவனை விட முப்பது வயது கூட.

ஆனால் இருவரையும் சமமாக வெட்கப்பட வைத்த இடம் ஒன்று வந்தது. லயத்தின் முடிவில் பாதை முடிகிறது. வண்டியைத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் கான், மறு பக்கம் தேயிலைப் பள்ளம், பாதையோ முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது. 195 கிலோ வண்டி, அதன் மேல் முப்பது கிலோ துணி. பின்னுக்கு இழுத்தால் வரவே இல்லை. மலசலகூடத்துப் பக்கம் நின்ற இரண்டு தம்பிமார் வந்து தள்ளித்தான் திருப்பினோம். டொமினாரும் அப்படியே, எட்டுக் கிலோ குறைவு என்பது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

பெரிய நாடுகளில் இந்தத் தொல்லைக்கும் வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இதே போட்டி ஹார்லி டேவிட்சனுக்கும் ஹொண்டா கோல்ட் விங்குக்கும் இடையில் ஐம்பது வருடமாக நடக்கிறது. கோல்ட் விங் 1974இல் அறிமுகமானது. 350 கிலோவைத் தாண்டிய அதன் இன்றைய பெரிய வகைக்குப் பின்னால் போகவும் வசதி உண்டு. 1988இல் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்தபோதே அதைச் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் கதை இதுதான்: ஹொண்டா வழுக்கிக்கொண்டு ஓடும், ஹார்லியின் சத்தத்துக்கு ஆட்கள் உயிரை விடுவார்கள். ஜப்பான்காரனுக்குத் தாக்குப்பிடிக்க முடியாமல் ஹார்லி அரசாங்கத்திடம் போனது. 1983இல் ரீகன் 700 சீசீக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டார் சைக்கிள்களின் தீர்வையை 4.4 வீதத்திலிருந்து 49.4 வீதத்துக்கு உயர்த்தினார். ஜப்பான்காரன் என்ன செய்தான்? 700 சீசீக்குச் சற்றுக் கீழே எஞ்சின் செய்து அனுப்பினான்! தீர்வையைப் பார்த்து வழி தேடுவதில் எங்கள் துறைமுக வியாபாரிகள்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து இறங்கி வந்ததும் அடுத்த நாள் நான் அவனை வண்டி விற்கும் இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. ரவுணில் உள்ள உதிரிப்பாகக் கடைகளுக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு கடையிலும் இரண்டு வண்டிக்கும் நான்கு சாமான் கேட்கச் சொன்னேன்: கிளச் கேபிள், பிரேக் பேட், செயின் செட், முன் லீவர். அவன் முதலில் சிரித்தான். "பஜாஜ் சாமான் இல்லாத கடையா, மாமா?" உண்மைதான், சுவர் முழுக்கப் பஜாஜ் சாமான் தொங்குகிறது. ஆனால் அவை முச்சக்கர வண்டியுடையவை, சீடீ 100 உடையவை. தாங்கியில் ஒட்டிய பெயர் ஒன்றென்பதால் சாமானும் ஒன்றாகிவிடாது. டொமினாருக்கும் சரி, என்ஃபீல்டுக்கும் சரி, சில சாமான் இருந்தது, பல சாமானுக்குக் கொழும்புக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்றார்கள். அவனுடைய பழைய நூறு சீசீ வண்டிக்கோ, கேட்ட நான்கும் கேட்ட கடையெல்லாம் இருந்தன. பசறையில் பெட்டிக்கடை மாதிரியான ஒரு கடையில் கூட.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1998இல் நான் ஜப்பானிலிருந்து பழையதாக வந்த 250 சீசீ வண்டி ஒன்று வாங்கினேன். கம்பனியின் பெயர் வேண்டாம். குற்றம் கம்பனியுடையதல்ல, என்னுடையது. எட்டு மாதம் ராஜா மாதிரி ஓடினேன். ஒரு மாதம் 7ஆம் திகதி லுணுகலைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. மின்பொறி கொடுக்கும் சின்னப் பெட்டி, உள்ளங்கையில் அடங்கும், அதுதான் செத்துப்போயிருந்தது. பதுளையில் இல்லை, கண்டியில் இல்லை, கொழும்பில் வரும் வரும் என்றார்கள். மூன்று கிழமை. 10ஆம் திகதி சம்பளம் போட்டார்கள். நான் போகவில்லை. என்னுடைய வாடிக்கையாளர்கள் கெட்டவர்களல்லர். கையில் காசு இருந்த நாளில் வாசலுக்கு வந்த மற்ற வியாபாரிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் போனபோது அரிசிக்குத்தான் காசு மிச்சம். அந்த ஒரு மாத நிலுவை வசூலாக அடுத்த வருடம் சித்திரை வரை ஆனது. சில கணக்கு இன்றைக்கும் பழைய கொப்பியில் கிடக்கிறது. அந்த வண்டியைப் பாதி விலைக்கு விற்றேன்.

ஆக, வியாபாரத்துக்கு வாங்கும் வண்டிக்கு நான் முதலில் கேட்பது அது எத்தனை வேகம் ஓடும் என்பதல்ல, நின்றால் எத்தனை நாள் நிற்கும் என்பதே.

பெற்றோல் கணக்கையும் போட்டோம். எங்கள் சுற்றுக்கு மாதம் 1,200 கிலோமீற்றர் என்று வைத்தோம். மலை வீதியில் சின்ன வண்டி லீற்றருக்கு 50, பெரிய வண்டி இரண்டும் 30 என்று வைத்தால், 24 லீற்றருக்குப் பதில் 40 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று கணக்கிட்டாலும் மாதம் 4,800 ரூபா மேலதிகம். "இது பெரிய காசா மாமா?" என்று கேட்டான். காசு பெரிதல்ல. 2022ஐ மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

2022 ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. வரிசையில் படுத்துக் கிடந்தோம். பிறகு கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தொடங்கினார்கள். முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அந்த 4 லீற்றரில் சின்ன வண்டி 200 கிலோமீற்றர் ஓடும், பெரிய வண்டி 120தான். சட்டம் இரண்டையும் மோட்டார் சைக்கிள் என்ற ஒரே பெயரில்தான் பார்த்தது. அந்த நாட்களில் அவன் அதே பழைய நூறு சீசீ வண்டியில் மடூல்சீமை வரை போய் வந்ததால்தான் கடை திறந்திருந்தது. அதைச் சொன்னதும் பேசாமல் இருந்தான்.

எல்ல விஷயத்தையும் அவன் எடுத்தான். பேச்சுச் சாமர்த்தியம் அவனுக்குக் குறைவில்லை. "சனி ஞாயிறில வெள்ளைக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டா, வண்டி தன்ட காசைத் தானே உழைக்கும்" என்றான். இது வெறும் கதையல்ல. ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லவிலிருந்து மோட்டார் சைக்கிள் எடுத்துக்கொண்டு அப்புத்தளை, லிப்டன் சீட் என்று சுற்றுகிறார்கள். அவர்களில் என்ஃபீல்டைப் பேர் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் யானை நன்றாகவே உழைக்கும். ஆனால் சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி எடுத்த வண்டியை வாடகைக்கு விட்டு, வந்தவர் வளைவில் விழுந்தால், காப்புறுதிக்காரரின் முதல் கேள்வி என்னவாயிருக்கும்? வாடகைக்கென்றால் வாடகைக்கென்றே காப்புறுதி எடுக்க வேண்டும், ஓட்டுபவரின் சாரதி அனுமதிப்பத்திரம் நம் நாட்டில் செல்லுபடியாகுமா என்று பார்க்க வேண்டும். அதோடு அது தனித் தொழில். புடைவைக் கடையில் இருந்துகொண்டு எல்லவில் வண்டி வாடகைக்கு விடுவது, பஸ்ஸில் நின்றுகொண்டு சீட்டு எழுதுவது போல.

தவணை முறையில் எடுப்பதா என்பதும் பேசப்பட்டது. லீசிங் வட்டியை எங்கள் குடும்பத்தில் யாரும் விரும்புவதில்லை. வட்டியில்லாத முறையில் செய்து தரும் நிறுவனங்கள் இன்று இருக்கின்றன. அமானா வங்கி தொடங்கியதே 2011இல். ஆனால் முறை எதுவானாலும் தவணை தவணைதான். மாதம் பிறந்தால் வந்து நிற்கும். தோட்டத்துக் காசு மழை, கொழுந்து, சம்பளம் பார்த்து வருகிற காசு. வருகிற காசுக்குத் திகதி நிச்சயமில்லாதவன் போகிற காசுக்குத் திகதி வைக்கக் கூடாது.

கடைசியாக, கணக்கில் எழுத முடியாத ஒரு விஷயம். பசறைப் பக்கம் எங்களிடம் இருபது வருடமாகத் துணி வாங்கும் ஒரு அம்மா இருக்கிறார். நாங்கள் அன்று என்ஃபீல்டில் போனதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது, "என்னா மொதலாளி, பெரிய வண்டியெல்லாம் எடுத்திருக்கீங்களாம். எங்க காசெல்லாம் அதுலதான் ஓடுதா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். 2021இல்தான் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அதுவும் எத்தனை வருடப் போராட்டத்துக்குப் பிறகு. அந்தச் சம்பளத்தில் எங்களுக்குத் தவணை கட்டும் வீட்டு வாசலில், இலட்சக் கணக்கான ரூபா வண்டியை நிறுத்தி இறங்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். அந்த அம்மா இன்னுமொன்றும் சொன்னார். "அந்த வண்டி அடுத்த டிவிசன்ல வர்றப்பவே இங்க கேக்கும் மொதலாளி. காசு இல்லாதவங்க கதவ சாத்திக்குவாங்க."

என் தீர்ப்பை மருமகனிடம் மறைக்காமல் சொன்னேன். இரண்டில் ஒன்றுதான் என்றால், ஊவாவின் மலைக்கு என்ஃபீல்ட். பதுளைக்கும் கொழும்புக்கும் இடையில் அந்த 230 கிலோமீற்றரை அடிக்கடி ஓடுகிறவன், தோட்டத்துக்குள் திரும்பாதவன் என்றால் டொமினார். அவனுக்கு அது கொடுத்த காசுக்கு மேல் தரும். கல் பாதையிலேயே கிடப்பவனுக்கு என்ஃபீல்டுக்காரரின் ஹிமாலயன் இரண்டையும் விடப் பொருத்தம். தரையிலிருந்து நல்ல உயரமும் 21 அங்குல முன் சக்கரமும் அதற்கென்றே வைத்தவை. ஆனால் இந்த மூன்றில் எதுவும் கடைக் கணக்கில் வரக் கூடாது. கடைக் கணக்கில் வருகிற வண்டி நூறு சீசீயில்தான் ஓடும். உன்னுடைய ஆசைக்கு உன்னுடைய காசு.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாளை மடித்து கல்லாவுக்குள் வைத்துவிட்டுப் போனான். தீபாவளிச் சரக்கு நேரத்துக்கு வந்தது. வியாபாரம் முடிந்து ஒரு மாதம் கழிந்து, நவம்பர் கடைசியில் டித்வா புயல். பதுளை மாவட்டத்தில் மண் சரிந்து வீதிகள் துண்டுபட்டன. உயிர்கள் போயின. லயன்கள் போயின. வீதி விட்ட பக்கமெல்லாம் கம்பளியும் பிள்ளைகளின் உடுப்பும் கட்டிக்கொண்டு போனோம். அந்த முறை கொப்பி கொண்டு போகவில்லை. சேற்றுக்குள் வண்டியை இரண்டு பேர் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டிய இடங்கள் இருந்தன. நூறு சீசீ வண்டி என்பதால் தூக்க முடிந்தது.

இந்த வருட ஆரம்பத்தில் அவன் என்ஃபீல்ட் எடுத்தான். புதியதல்ல, ஒரு கை மாறியது. தன் சேமிப்பிலும், தன் பேரில் இருந்த சின்னத் துண்டுக் காணியின் மிளகு விற்ற காசிலும். கடையிலிருந்து ஒரு சதம் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் துடைப்பதும், ஞாயிற்றுக்கிழமை பெண்சாதியை ஏற்றிக்கொண்டு பண்டாரவளைக்குப் போவதுமாக இருக்கிறான். நானும் ஒருநாள் கேட்டு வாங்கி தெமோதரை வரை ஓடினேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு 10ஆம் திகதி மட்டும் சின்ன வண்டி கராஜில் நின்றதால் என்ஃபீல்டை எடுத்துக்கொண்டு மடூல்சீமைப் பக்கம் போனான். இரவு வந்து கொப்பியை வைத்தான்.

"எத்தனை கதவு சாத்தியிருந்திச்சு?" என்று கேட்டேன்.

"மூணு, மாமா."

எந்த மூன்று என்று கேட்டு, கொப்பியில் அந்தப் பெயர்களுக்கு நேரே பென்சிலால் சின்ன அடையாளம் போட்டுக்கொண்டோம். அடுத்த மாதம் சின்ன வண்டியில் போனபோது இரண்டு பேர் காசு தந்தார்கள். மூன்றாவது வீட்டில் பிள்ளைக்குச் சுகமில்லை என்றார்கள். அந்தத் தவணையை நாங்கள் ஜூனுக்குத் தள்ளி எழுதியிருக்கிறோம்.